ஒரு வினாடிக்கு முன்

மார்கழிக் கடைசியில் ஒரு மாலை, என் பழைய மாணவர் ஒருவர் தோளில் கனத்த பையுடன் வீட்டுக்கு வந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவர். இப்போது மதுரையில் திருமணங்களுக்குப் படமெடுக்கிறார். பையிலிருந்து ஒரு கேமராவையும் இரண்டு லென்ஸ்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மார்கழியில முகூர்த்தம் கெடையாதுங்கய்யா. சும்மாதான் கெடக்கு. பத்து நாளைக்கு ஒங்ககிட்ட இருக்கட்டும்."

கல்லூரி நாட்களில் நான் அவருக்கு என் நிக்கான் எஃப்எம்10 கேமராவை இரவல் கொடுத்திருந்தேன். அதில்தான் அவர் படமெடுக்கக் கற்றார். அந்தக் கடனை அவர் இப்படித் தீர்க்க எண்ணியிருக்க வேண்டும். அவர் கொண்டுவந்தது 2023 மே மாதம் அறிமுகமான நிக்கான் இசட்8. வெளியானபோது இந்தியாவில் அதன் விலை மூன்று லட்ச ரூபாயைத் தாண்டியிருந்தது. லென்ஸ் இல்லாமல், பேட்டரியும் அட்டையும் சேர்த்து 910 கிராம். நான் தயங்கியதைக் கண்டு, "கீழ போட்டாலும் பரவால்லங்கய்யா, இன்சூரன்ஸ் இருக்கு" என்றார்.

பொங்கல் விடுமுறை தொடங்கவிருந்தது. நிலக்காட்சி, கட்டடம், பறவை, தெரு, ஆட்டக்களம், உருவப்படம் என்று படக்கலையின் வகைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் இக்கருவியில் முயன்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். இலக்கண வாத்தியாருக்கு எதையும் வகைப்படுத்தினால்தான் தூக்கம் வரும்.

*

கருவியைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேல்நோக்கித் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலெழும், ஷட்டர் திறக்கும், ஒளி பிலிமில் விழும், கண்ணாடி மீண்டும் கீழிறங்கும். 'க்ளக்' என்ற ஓசை இவற்றின் கூட்டொலி. கண்ணாடி எழுந்திருக்கும் கணத்தில் வியூஃபைண்டர் இருண்டுவிடும். அதாவது, படம் பதிவாகும் அந்தக் கணத்தை மட்டும் படமெடுப்பவர் பார்ப்பதில்லை. 1959-இல் வந்த நிக்கான் எஃப் முதல் என்னுடைய எஃப்எம்10 வரை எல்லாவற்றுக்கும் இதுவே விதி.

மிர்ரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. சென்சார் எப்போதும் திறந்த கண்ணாக இருக்கிறது. அது காண்பதை ஒரு சிறு திரை நமக்குக் காட்டுகிறது. லென்ஸ் மாற்றக்கூடிய இவ்வகைக் கேமராவைப் பானசோனிக் 2008-இல் லூமிக்ஸ் ஜி1 என்ற பெயரில் வெளியிட்டது. முழுச்சட்டகச் சென்சாருடன் சோனி 2013-இல் வந்தது. நிக்கானும் கேனானும் 2018-இல் தங்கள் முழுச்சட்டகக் கருவிகளுடன் அதே வழிக்கு வந்தன. இசட்8-இல் இயந்திர ஷட்டரும் கிடையாது. எல்லாம் மின்னணுவியல். ஓசையை அணைத்துவிட்டால் படம் எடுத்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. நடுவில் இருட்டும் இல்லை.

*

முதல் நாள் விடியலில் கீழக்குயில்குடிக்குப் போனேன். கருப்பசாமி கோயிலையும் ஆலமரத்தையும் தாமரைக் குளத்தையும் கடந்து சமணர் மலையில் ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் நாகமலையின் நீண்ட முதுகு, மறுபக்கம் பனியில் மூழ்கிய மதுரைச் சமவெளி.

பிலிம் காலத்தில் இந்த இடத்தில் நான் தோற்றிருக்கிறேன். வானத்துக்கு ஒளியளவு வைத்தால் பாறை கருகும், பாறைக்கு வைத்தால் வானம் வெளுக்கும். 36 படங்கள் கொண்ட ரோலை லேபில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தபின்தான் தோல்வியே தெரியவரும். இந்தக் கருவியிலோ, எடுக்கப்போகும் படம் எப்படி இருக்கும் என்பதை எடுக்கும் முன்பே திரை காட்டிவிடுகிறது. கருத்த பாறையின் உள்ளிருந்தும் பிறகு விவரங்களை மீட்டெடுக்க முடிகிறது. தொல்காப்பியர் நிலமும் பொழுதும் என்று வகுத்த முதற்பொருளை, முன்பனிப் பருவத்து வைகறையில், ஒரு பிழையும் இல்லாமல் அள்ளிக்கொண்டு வந்தேன்.

அடுத்து கட்டடம். மீனாட்சி கோயிலுக்குள் 2018 முதல் கைப்பேசிக்கே அனுமதியில்லை என்பதால் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனேன். நுழைவுச் சீட்டோடு கேமராவுக்கும் தனியே கட்டணம் செலுத்திவிட்டு உள்ளே நின்றபோது, எனக்கு முன் இங்கே கேமராவோடு நின்ற ஒருவரை நினைத்துக்கொண்டேன்.

லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1858-இல் அவர் மதுரையில் எடுத்த படங்கள் இந்நகரின் மிகப் பழைய ஒளிப்படங்களில் அடங்கும். இந்த மகாலையும் புதுமண்டபத்தையும் தெப்பக்குளத்தையும் எடுத்திருக்கிறார். மெழுகு ஊட்டிய காகிதத்தை நெகட்டிவாகப் பயன்படுத்தியவர். பெரிய காகிதம், மந்தமான வேதிப்பொருள். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸைத் திறந்துவைத்து நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் நடந்துபோகிறவர்கள் எவரும் படத்தில் பதியமாட்டார்கள். கல் பதியும், தூண் பதியும். ட்ரைப்பின் மதுரை ஆளரவமற்ற ஊராகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். வெற்று வெளுப்பாக வந்த வானத்தில் அவரே தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்திருக்கிறார். அவர் பார்த்த மகால் சிதைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்த 1866க்கும் 1872க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அது பழுதுபார்க்கப்பட்டது.

ட்ரைப்புக்குக் காலம் தடையாக இருந்தது. எனக்கு அந்தத் தடை இல்லை. குவிமாடத்தின் கீழ் மங்கிய ஒளியில் முக்காலி இன்றிக் கையில் பிடித்தபடியே எடுத்தேன். தூணில் சாய்ந்து நின்ற காதலர்கள், ஓடிக்கொண்டிருந்த குழந்தை, சிறகடித்த புறா எல்லாம் உறைந்து நின்றன. 166 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் நாங்கள் இருவரும் ஒரே தூண்களை எடுத்திருக்கிறோம். அவருடையதில் மனிதர்கள் நகர்ந்து மறைந்தார்கள். என்னுடையதில் யாரும் தப்பவில்லை. அப்போது இதை ஒரு வெற்றியாகவே எண்ணினேன்.

*

மூன்றாம் நாள் சாமநத்தம் கண்மாய். பெரிய லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவை நெருங்கும். கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் இரை தேடிக்கொண்டிருந்தன. பறவையை நோக்கித் திருப்பினால் போதும், கருவி அதன் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஒரு சிறு கட்டத்தால் சுற்றிக்கொள்கிறது. பறவை நகர்ந்தால் கட்டமும் நகர்கிறது. கருவேலங் கிளையில் ஒரு மீன்கொத்தி இருந்தது. அது பாயும் கணத்தைப் பிடிக்க ஒரு மணி நேரம் முயன்றேன். ஒவ்வொரு முறையும் நான் அழுத்தும்போது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். சிரித்தார். ஒரு அமைப்பை மாற்றச் சொன்னார். பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்திருந்தால், கருவி வினாடிக்கு 30 படங்கள் வீதம் எடுத்து எடுத்து அழித்துக்கொண்டே இருக்கும். முழுவதும் அழுத்தும் கணத்தில், அதற்கு முந்தைய ஒரு வினாடியின் படங்களைச் சேமித்துக்கொள்ளும். "நீங்க லேட்டா அமுக்குனாலும் அது முன்னாடியே எடுத்து வச்சிருக்கும்ங்கய்யா."

அப்படியே நடந்தது. மீன்கொத்தி பாய்ந்தபின் ஆற அமர அழுத்தினேன். திரையில் பார்த்தால் கிளையை உதைத்து எழும் கணம், சிறகு விரியும் கணம், தலை கவிழும் கணம் எல்லாம் வரிசையாக இருந்தன. குழந்தையைப் போல மகிழ்ந்தேன். என் கை பிந்தினாலும் கருவி பிந்தவில்லை. கருப்பொருளும் கைவசமாயிற்று.

மறுநாள் அதிகாலை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறையும், விலை ஏறும். பொங்கல் நெருங்கியதால் கூச்சல் இன்னும் அதிகமாக இருந்தது. விளக்கொளியில் ஒரு அம்மாள் பூக்கட்டிக்கொண்டிருந்தார். ஓசையை அணைத்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். அவருக்குத் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து என்னையும் கருவியையும் பார்த்தார்.

"எடுத்துட்டீகளா சார்? சத்தத்தையே காணோம்."

எடுத்துவிட்டேன் என்றேன்.

"எடுக்குறதுன்னா சொல்லிட்டு எடுங்க. தலையக்கூடச் சீவல."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மீண்டும் பூக்கட்டத் தொடங்கினார். நான் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு நகர்ந்தேன். பழைய கேமராவாக இருந்தால் முதல் 'க்ளக்'கிலேயே அவர் நிமிர்ந்திருப்பார். அந்த ஓசையை அதுவரை நான் இயந்திரத்தின் குறை என்றே கருதியிருந்தேன். எதிரில் இருப்பவரிடம் 'உங்களை எடுத்துக்கொண்டேன்' என்று சொல்லும் ஒப்புதல் மொழியும் அதுதான் என்று வீடு திரும்பும் வழியில் தோன்றியது. தோன்றியதோடு சரி. அமைப்பை மாற்றவில்லை.

*

தை பிறந்து மூன்று நாள் கழித்து, மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஜல்லிக்கட்டு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் முடிந்தபின் சுற்றுவட்டாரங்களில் நடப்பவற்றில் ஒன்று. விழாவைப் படமெடுக்கும் பொறுப்பு என் மாணவருக்கு. அவர் தன் மற்றொரு கேமராவோடு வந்தார். நான் இசட்8 கேமராவையும் பெரிய லென்ஸையும் எடுத்துக்கொண்டு வாடிவாசலுக்கு எதிர்ப்புற மேடையில் அவர் பக்கத்தில் நின்றேன். மீன்கொத்திக்காக வைத்த அமைப்பு அப்படியே இருந்தது. காளையின் கண்ணையும் கருவி கண்டுபிடித்துக்கொண்டது.

2014 மே மாதத்தில் உச்சநீதிமன்றத் தடை, 2017 ஜனவரியில் மெரினாப் போராட்டமும் புதிய சட்டமும், 2023 மே மாதத்தில் அச்சட்டத்தை ஏற்ற அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு என்று இவ்விளையாட்டின் அண்மை வரலாற்றை நாம் அறிவோம். அந்த வாதங்களுக்குள் நான் இப்போது போகவில்லை. நான் சொல்ல வந்தது அன்று பகல் பதினொரு மணிவாக்கில் நடந்தது.

கறுப்புக் காளை ஒன்று வெளிவந்தது. கட்டம் அதன் கண்ணைப் பற்றிக்கொண்டது. அது திரும்பியது, நானும் திரும்பினேன். கூட்டத்திலிருந்து ஓர் அலறல் எழுந்தது. அழுத்தினேன். கண்ணை எடுத்துப் பார்த்தபோது எண் எழுதிய பனியன் அணிந்த ஓர் இளைஞரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு மருத்துவ முகாமை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். தேங்காய் நார் பரப்பிய தரையில் இரத்தம் இருந்தது.

என்ன நடந்தது என்று மாணவரிடம் கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். "நீங்கதானேங்கய்யா எடுத்தீங்க?"

அன்றிரவு கணினியில் திறந்து பார்த்தேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் முதல் 30 நான் அழுத்துவதற்கு முந்தையவை. முதல் படத்தில் அந்த இளைஞர் தடுப்புக்கட்டையில் கைவைத்து, மேலே யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பத்தாவதில் திமிலை நோக்கிக் கை நீள்கிறது. பதினேழில் காளை வளைகிறது. இருபத்தைந்தில் கொம்பு தொடையில். முப்பதாவதில், அதாவது நான் 'எடுக்க' முடிவுசெய்த கணத்தில், அவர் காற்றில் இருக்கிறார்.

மிகத் துல்லியமான படங்கள். இவற்றில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. கண்ணாடி இல்லாததால் என் கண்முன் இருள் விழவில்லை. கண் இமைக்காமல்தான் இருந்தேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சிறு கட்டத்தை. அது காளையின் கண்ணை விட்டு நழுவாமல் இருக்கிறதா என்பதை. ஒரு மனிதரின் உடலில் கொம்பு இறங்கியது சற்றுத் தள்ளி, அதே திரையில், என் எதிரில் நடந்திருக்கிறது.

எஃப்எம்10-இல் படம் பதியும் கணம் மட்டும் எனக்கு இருண்டது. அதனால் அதற்கு முன்பும் பின்பும் உள்ளதை நானே பார்த்து, நானே கணித்து, அழுத்தவேண்டியிருந்தது. அழுத்தியது நான்தான் என்பதில் ஐயமே எழாது. இந்த 30 படங்களை எடுத்தது யார்? நான் முடிவெடுக்கும் முன்பே எடுக்கப்பட்டவை இவை. பூக்கட்டிய அம்மாளிடம் "எடுத்துவிட்டேன்" என்றாவது சொல்ல முடிந்தது. இந்த இளைஞரிடம் என்ன சொல்வது?

"அருமையான ப்ரேம்ங்கய்யா, போட்டிக்கு அனுப்பலாம்" என்றார் மாணவர். உண்மைதான். அனுப்பியிருந்தால் பேசப்பட்டிருக்கும். அந்த ஆசை எனக்கு ஓர் இரவு முழுவதும் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

*

இளைஞர் பிழைத்துவிட்டார் என்பது இரண்டு நாளில் தெரிந்தது. தொடையில் தையல். எலும்புக்குச் சேதமில்லை. மூன்று வாரம் கழித்து, முகூர்த்தமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணவரோடு மேலூர்ப் பக்கத்தில் அவர் ஊருக்குப் போனேன். முதல் படத்தை, சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை மட்டும், பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துச் சென்றேன்.

அவருடைய தாயார் படத்தை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "எம்மவன் இம்புட்டு நல்லாவா இருக்கான்?" என்று கேட்டார். பிறகு மெல்ல, "மத்தது ஏதும் இருந்தா எங்கிட்டக் காட்டிராதீக சார்" என்றார்.

அவர் காப்பி போட உள்ளே சென்றதும் இளைஞர் என்னைப் பார்த்தார். "சார், மத்ததும் இருக்குல்ல?"

இருக்கிறது, பார்ப்பதும் பார்க்காததும் உன் விருப்பம் என்றேன். காட்டச் சொன்னார். இசட்8 மாணவரின் பையில் இருந்தது. படங்கள் இருந்த அட்டையையும் கொண்டுவந்திருந்தோம். கருவியின் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். அவர் முகம் சுளிப்பார் என்றோ, பெருமிதம் கொள்வார் என்றோ எதிர்பார்த்தேன். மாணவன் தான் எழுதிய விடைத்தாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பதினேழாவது படத்தில் நிறுத்தச் சொன்னார். முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னார்.

"இங்கன பாருங்க சார். முன்னங்கால இந்தப் பக்கம் ஊண்டுது. திரும்பப் போகுதுன்னு அர்த்தம். இங்கனயே நான் எடது பக்கம் ஒதுங்கியிருக்கணும். நான் திமிலயே பாத்துட்டு இருந்துட்டேன்."

அவர் திமிலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காளையின் முன்னங்காலை இருவருமே பார்க்கவில்லை. அவர் அதற்குத் தன் தொடையில் விலை கொடுத்திருக்கிறார். நான் எதுவும் கொடுக்கவில்லை. இந்த வேறுபாடு அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு மிகவும் கூச்சமாக இருந்தது.

படங்களைத் தனக்கு அனுப்பும்படி கேட்டார். "அம்மாவுக்குத் தெரிய வேணாம் சார்." அங்கேயே அனுப்பினேன். என்னிடம் உள்ள பிரதிகளை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். அது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "எனக்கு எதுக்கு சார் அது, ஒங்க இஷ்டம்" என்றார். வீட்டுக்கு வந்து அழித்தேன். போட்டிக்கு அனுப்பியிருக்கலாமே என்று மாணவர் இன்றும் சொல்கிறார். அவருக்கு நான் சொல்லும் விடை எனக்கே முழுத் திருப்தியாக இல்லை. நான் பார்க்காத ஒன்றை நான் எடுத்ததாகச் சொல்லி என் பெயரைப் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

புறப்படும் முன் ஒன்று செய்தேன். பட்டியலில் உருவப்படம் மட்டும் மீதமிருந்தது. தாயையும் மகனையும் சேர்த்து ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "சித்த இருங்க" என்று உள்ளே போனவர் தலைசீவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வரக் கால் மணி நேரமாயிற்று. அதற்குள் மாணவரிடம் கேட்டு, முன்கூட்டியே எடுத்து வைக்கும் அமைப்பை அணைத்தேன். ஷட்டர் ஓசையை இயக்கினேன். இக்கருவியில் அது இயற்கையாக எழும் ஓசை இல்லை. சிறு ஒலிபெருக்கி எழுப்பும் பொய்யோசை. இருந்தாலும் அது கேட்கவேண்டும் என்று விரும்பினேன்.

இருவரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். எடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். அம்மாள் மகனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, என்னை நேராகப் பார்த்தார். பார்த்தேன். அழுத்தினேன். ஓசை கேட்டது.

"எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்தாச்சும்மா."